டிராக்குக்குப் போகும் காருக்கு எந்த ஆயில்? பிராண்டுக்கு முன்னால் சூட்டைப் பாருங்கள்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே நடக்கும் நாட்களில், கார்களை நிறுத்தும் பேடாக்கில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "என்ன ஆயில் ஊத்துறீங்க?" பதிலும் உடனே வந்துவிடும்: ஒரு பிராண்டின் பெயர், கூடவே ஒரு கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்). கேட்டவர் அடுத்த சனிக்கிழமை உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போய் அதே டப்பாவை வாங்கி வருவார். ஆனால் சொன்னவரின் கார் வேறு, ஓட்டும் விதம் வேறு, அவர் காரில் ஆயில் கூலர் இருக்கலாம், இவர் காரில் இல்லாமல் இருக்கலாம். இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வேண்டுமானால், அதற்கு முன் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் காரில், இந்த டிராக்கில், இந்த வெயிலில் ஆயில் எத்தனை டிகிரி வரை போகிறது? அந்த எண் கையில் இருந்தால் கிரேடு பாதி முடிவான மாதிரி. அது இல்லாமல் வாங்கும் ஆயில், எவ்வளவு விலை கொடுத்தாலும் குத்துமதிப்புதான்.

இங்கே பேசுவது தொழில்முறை ரேஸ் கார்களைப் பற்றி அல்ல. அவற்றுக்கு டீம் இருக்கும், இன்ஜினியர் இருப்பார், குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். நான் சொல்வது வேறு வகைக் கார்கள். வாரம் முழுக்க ஓஎம்ஆர் நெரிசலில் ஆபீஸுக்குப் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் ஓடி டிராக்குக்கு வந்து, நாலைந்து செஷன் முழு வேகத்தில் சுற்றிவிட்டு, அதே ஆயிலோடு வீடு திரும்பும் கார்கள். ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடியில் இருந்து ஃபோர்டு மஸ்டாங், போர்ஷே 911 வரை இதில் அடக்கம். இந்த இரட்டை வாழ்க்கைதான் ஆயில் தேர்வைச் சிக்கலாக்குகிறது. டிராக்குக்கு ஏற்றது நெரிசலுக்கு ஒத்துவராது. நெரிசலுக்குப் போதுமானது டிராக்கில் தாங்காது.

சென்னைக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. அப்புறம் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். சோழவரம் நீளமான ஓடுதளம் என்பதால் அங்கே பெரும்பாலும் நேர் வேகம்தான். இருங்காட்டுக்கோட்டையில் வளைவுகளில் கார் நிறைய நேரம் பக்கவாட்டு விசையைச் சுமக்கிறது. ஆயிலுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஏன் என்று கீழே வருகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

சாலையில் ஓட்டும்போது இன்ஜின் பெரும்பாலான நேரம் 1500 முதல் 2500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரைதான் சுற்றும், ஆக்சிலரேட்டரும் கால்வாசிதான் மிதிபடும். டிராக்கில் ஒரு செஷன் முழுக்க 4500-க்கும் 7000-க்கும் நடுவில் சுற்றும், நேர்ப்பகுதிகளில் ஆக்சிலரேட்டர் முழுசாகத் தரையில் இருக்கும். இந்த வேலையில் கூலன்ட் செய்வது ஒரு பங்கு. பிஸ்டனின் அடிப்பகுதி, கிராங்க் பேரிங்குகள், கேம்ஷாஃப்ட், டர்போ இருந்தால் அதன் அச்சு ஆகியவற்றின் சூட்டை வாங்கிக்கொண்டு வருவது ஆயில். கூலன்ட்டுக்குப் பெரிய ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் இருக்கின்றன. சாதாரண கார்களில் ஆயிலுக்கு அப்படித் தனி ஏற்பாடு கிடையாது. இருந்தாலும் கூலன்ட்டோடு சூட்டைப் பரிமாறிக்கொள்ளும் சின்ன கூலர்தான் இருக்கும்.

இதனால்தான் டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்க, கீழே சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை மட்டும். அதிலும் இன்றைய கார்களில் குறிப்பிட்ட வரம்புக்குள் சூடு ஏறினாலும் இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதை நம்பி டிராக்கில் ஓட்டக்கூடாது.

சாலையில் ஆயில் 90 முதல் 105 டிகிரிக்குள் இருக்கும். ஆயில் கூலர் இல்லாத காரை டிராக்கில் விரட்டினால் 120-ஐத் தாண்டுவது சகஜம், 130-க்கு மேல் போகும் கார்களும் உண்டு. இதில் சென்னை வெயிலின் பங்கு பெரிது. ஐரோப்பாவில் 15 டிகிரி இருக்கும் மதியத்தில் ஒரு கார் ஓடுவதற்கும், அதே கார் இங்கே 38 டிகிரியில் ஓடுவதற்கும் காற்றில் மட்டுமே 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம். கூலர் காற்றிடம்தான் சூட்டைக் கொடுக்கிறது. காற்றே சூடாக இருந்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே ஆயில் சூட்டில் வந்து சேரும். வெளிநாட்டில் அதே காரை வைத்திருப்பவர் பரிந்துரைக்கும் கிரேடை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

டப்பாவில் உள்ள இரண்டு எண்கள்

5டபிள்யூ-30, 10டபிள்யூ-50 என்று எழுதியிருப்பது எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே300 என்ற வகைப்பாடு. ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். தரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

டபிள்யூவுக்கு முன்னால் வருவது குளிர்கால எண். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியிலும், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜின் சுற்றும் அளவுக்கு இளக்கம் இருக்க வேண்டும். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊருக்கு இந்தச் சோதனையால் பெரிய உபயோகம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சீக்கிரம் மேலே ஏற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் 5டபிள்யூவும் 10டபிள்யூவும் அந்த வேலையை நன்றாகவே செய்யும். முதல் எண் குறைவாக இருந்தால் உயர்ந்த ஆயில் என்று நினைத்து அதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது இரண்டாவது எண். 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையை, அளந்து கொடுப்பது அது. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு). 40 என்றால் 12.5 முதல் 16.3. 50 என்றால் 16.3 முதல் 21.9. கவனிக்க வேண்டியது, இந்த அளவெல்லாம் 100 டிகிரியில் எடுத்தது. டிராக்கில் ஆயில் 100-இல் நிற்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக்ஸ் என்று வைத்துக்கொண்டால், 130 டிகிரியில் அது ஏறக்குறைய 6-க்கு இறங்கிவிடும். 100 டிகிரியில் 14 இருக்கும் 5டபிள்யூ-40 அதே 130 டிகிரியில் 8-ஐ ஒட்டி இருக்கும். 18 இருக்கும் 10டபிள்யூ-50 கிட்டத்தட்ட 10-இல் நிற்கும். இன்னொரு பக்கமிருந்து பார்த்தால், 30 கிரேடு ஆயில் 115 டிகிரியில் எவ்வளவு இளகியிருக்குமோ, 40 கிரேடு 130 டிகிரியில் அவ்வளவுதான் இளகியிருக்கும். அதாவது ஒரு கிரேடு ஏறுவது தோராயமாக 15 டிகிரி சூட்டைச் சமாளிக்கும் வேலை. அந்த 15 டிகிரியை நல்ல ஆயில் கூலர் போட்டும் குறைக்கலாம். கூலர், கிரேடு இரண்டும் ஒரே பிரச்சினைக்கான இரண்டு வழிகள் என்று புரிந்துவிட்டால், பேடாக் வாக்குவாதங்களில் பாதி முடிந்துவிடும்.

தொழிற்சாலைகளே இப்படித்தான் யோசிக்கின்றன. ஃபோர்டின் 5 லிட்டர் வி8 இன்ஜின் சாதாரண மஸ்டாங் ஜிடியில் 5டபிள்யூ-20 ஆயிலோடு வந்தது. அதே இன்ஜின் குடும்பத்தை டிராக்குக்காகத் திருத்திய பாஸ் 302 மாடலுக்கு ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-50. செவ்ரோலே கார்வெட்டின் ஏழாம் தலைமுறைக்கு முதலில் சாலைக்கு 5டபிள்யூ-30, டிராக்குக்கு 15டபிள்யூ-50 என்று மேனுவலில் தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். 2019 மாடலில் இரண்டுக்கும் சேர்த்து 0டபிள்யூ-40 என்று மாற்றினார்கள். எனக்கு இந்த மாற்றம் பெரிய பாடம். நன்றாகத் தயாரித்த 40 கிரேடு இருந்தால் ஆபீஸுக்கும் டிராக்குக்கும் நடுவில் ஆயிலை மாற்றிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியதும் அதுவே.

டப்பாவில் எழுதாத மூன்றாவது எண்

100 டிகிரி அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எச்டிஎச்எஸ் எண். 150 டிகிரி சூட்டில், நொடிக்கு 10 லட்சம் என்ற வெட்டு விகிதத்தில் ஆயிலின் பாகுத்தன்மையை அளப்பது இந்தச் சோதனை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே இருக்கும் மெல்லிய இடைவெளியில் ஆயில் படும் பாட்டுக்கு மற்ற எந்தச் சோதனையையும்விட இது நெருக்கமானது.

மல்டிகிரேடு ஆயிலில் பாலிமர் கலக்கிறார்கள். குளிரில் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும் மூலக்கூறுகள் சூட்டில் விரிந்து ஆயிலுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கும். ஆனால் பேரிங்கின் இடுக்கில் அந்த நூல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்துவிடுவதால் அந்தக் கெட்டித்தன்மை தற்காலிகமாகக் குறையும். நிறைய நேரம் உயர் ஆர்பிஎம்மில் ஓடினால் சில நூல்கள் அறுந்தே போகும். அந்தக் குறை திரும்பி வராது. 5டபிள்யூ-50 மாதிரி இரண்டு எண்களுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி உள்ள ஆயில்களில் பொதுவாகப் பாலிமர் அதிகம். டிராக்கில் சில செஷன் ஓடியதும் அவை 40 கிரேடாக இறங்கிவிடுவதற்கு இதுவே காரணம். 10டபிள்யூ-40, 15டபிள்யூ-50 போல இடைவெளி குறைந்த ஆயில்கள் இந்த விஷயத்தில் உறுதியானவை. சென்னைக் குளிருக்கு 10டபிள்யூவே தாராளம் என்பதால் நமக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது.

30 கிரேடுக்கு எச்டிஎச்எஸ் (மில்லிபாஸ்கல்-நொடி என்ற வேறு அலகில்) குறைந்தபட்சம் 2.9 இருக்க வேண்டும். 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 போன்றவற்றுக்கு 3.5. 50 கிரேடுக்கு 3.7. ஐரோப்பிய ஏசிஇஏ அமைப்பின் ஏ3/பி4 தரம் எந்தக் கிரேடாக இருந்தாலும் 3.5-க்குக் குறையக்கூடாது என்கிறது. ஆக, ஏ3/பி4 போட்ட 5டபிள்யூ-30 ஆயிலும், பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காகத் தயாரித்த 5டபிள்யூ-30 ஆயிலும் பெயரில் மட்டுமே ஒன்று. டிராக்கில் இரண்டும் வேறு வேறு ஆயில். போர்ஷே ஏ40, ஃபோக்ஸ்வேகன் 502 00, மெர்சிடிஸ் 229.5 போன்ற ஒப்புதல்கள் எல்லாமே 3.5-க்கு மேல் கேட்பவை. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வரிகள்தான் முன்பக்கத்தின் 'ரேசிங்', 'அல்ட்ரா' வார்த்தைகளைவிட அதிகம் சொல்கின்றன. கம்பெனியின் டேட்டா ஷீட்டை இறக்கிப் பார்த்தால் எச்டிஎச்எஸ் எண் நேராகவே இருக்கும். அதை வெளியிடாத ஆயிலை நான் டிராக்குக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கெட்டியாக ஊற்றினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "60 போட்டுடலாம் சார், பிரஷர் ஜம்முனு நிக்கும்" என்பார் மெக்கானிக். பிரஷர் நிற்கும், உண்மை. ஆனால் பிரஷர் என்பது ஆயில் ஓடுவதற்கு இருக்கும் தடையின் அளவு. அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயிலில் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயிலின் ஒரு பகுதி பேரிங்குக்குப் போகாமல் திரும்பி வந்துவிடும். ஆயிலைக் கடையும் உராய்வே கூடுதல் சூட்டைக் கிளப்பும். இன்றைய இன்ஜின்கள் பலவற்றில் வால்வ் டைமிங்கை மாற்றுவதே ஆயில் பிரஷர்தான், அந்த ஆயிலைத் திருப்பிவிடுபவை சோலனாய்டு என்ற சின்ன மின் வால்வுகள். அவை ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. பேரிங் இடைவெளி குறைவாக, 0டபிள்யூ-20 ஆயிலுக்கென்றே கட்டிய ஜப்பானிய இன்ஜினில் 10டபிள்யூ-60 ஊற்றுவது நல்ல யோசனை இல்லை. பிஎம்டபிள்யூ தன் பழைய எம்3 இன்ஜினுக்கு 10டபிள்யூ-60 கேட்டது என்றால் அந்த இன்ஜினின் கட்டுமானம் அப்படி. மேனுவல் சொல்லும் கிரேடில் இருந்து ஒரு படி, மிஞ்சிப்போனால் இரண்டு படி மேலே போகலாம். அதற்கும் மேல் தேவைப்படுகிறது என்றால் அந்தக் காருக்குத் தேவை கூலர்.

சூட்டை எப்படி அளப்பது

சில கார்களில் ஆயில் டெம்பரேச்சர் டிஸ்ப்ளேயிலேயே வரும். ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ கார்களில் இது பரவலாக உண்டு. வேறு சில கார்களில், கோளாறு பார்க்க மெக்கானிக் பயன்படுத்தும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் ரீடரும் மொபைல் ஆப்பும் இருந்தால் போதும். ஆனால் அது சென்சார் அளந்த எண்ணா, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கணக்குப் போட்டுச் சொல்லும் எண்ணா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்குப் போட்ட எண் சாலைக்குச் சரி, டிராக்கில் பின்தங்கும். எதுவும் இல்லாத காரில் ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சாண்ட்விச் பிளேட் வைத்து, அதில் டெம்பரேச்சர் சென்சார் ஒன்று, பிரஷர் சென்சார் ஒன்று போட்டுவிடலாம். விலை உயர்ந்த ஆயிலுக்கு ஓரிரு முறை செலவழிக்கும் காசில் இது முடிந்துவிடும்.

அளந்த பிறகு என்ன செய்வது? என் கணிப்பு இது. செஷனின் கடைசிச் சுற்றில் 110 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் மேனுவலில் சொன்ன கிரேடே போதும், அதில் எச்டிஎச்எஸ் உயர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். 110-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் எச்டிஎச்எஸ் 3.5-க்கு மேற்பட்ட 40 கிரேடு. 125-ஐத் தாண்டுகிறது, இன்ஜின் 50 கிரேடை ஏற்கும் என்றால் 50-க்குப் போகலாம், அதோடு கூலருக்கும் பணம் சேர்க்க ஆரம்பிக்கலாம். 140-ஐத் தொட்டால் கிரேடைப் பற்றி யோசிக்காமல் பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 140-இல் ஓடும் ஒரு மணி நேரம், 100-இல் ஓடும் பல மணி நேரங்களுக்குச் சமம்.

பிரஷரைப் பொறுத்தவரை, ஆயில் சூடான நிலையில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ என்ற பழைய ரேஸ்காரர்கள் கணக்கு இன்றும் தொடக்கத்துக்கு உதவும். உங்கள் இன்ஜினின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

ரேசிங் ஆயிலின் வரலாறு விளக்கெண்ணெயில் தொடங்குகிறது. காஸ்ட்ரால் என்ற பெயர் அதன் ஆங்கிலப் பெயரில் இருந்தே வந்தது. முதல் உலகப் போர் விமானங்களின் சுழலும் இன்ஜின்களும் விளக்கெண்ணெயில் ஓடின. உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு இயல்பாகவே உண்டு. அதன் மூலக்கூறு எஸ்டர் வகையைச் சேர்ந்தது. குறை என்னவென்றால் சீக்கிரம் பிசுபிசுத்துப் பிசின் மாதிரி படியும். இன்று உயர்ரக ரேசிங் ஆயில்களில் வரும் செயற்கை எஸ்டர்கள் அந்த ஒட்டும் குணத்தை வைத்துக்கொண்டு குறையைக் களைந்தவை. மோட்டுல் 300வி 1971-இல் எஸ்டர் ஆயிலாக வந்தது. 300 பந்தய வெற்றிகளைக் குறிப்பதற்காக வைத்த பெயர்.

'ஃபுல்லி சிந்தெடிக்' என்ற முத்திரையை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. கச்சா எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு தீவிரமாகச் சுத்திகரித்தால் கிடைப்பது மூன்றாம் வகை பேஸ் ஆயில் (சேர்மானங்கள் கலப்பதற்கு முந்தைய அடிப்படை ஆயில்). ஆலையில் மூலக்கூறாகக் கட்டுவது நான்காம் வகையான பிஏஓ. எஸ்டர் ஐந்தாம் வகை. மூன்றாம் வகையைச் சிந்தெடிக் என்று விளம்பரப்படுத்துவது சரியா என்று அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதின. விளம்பரத் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்று முதல் மூன்றாம் வகையும் கடைகளில் சிந்தெடிக்தான். அதனால் அது மட்டம் என்று அர்த்தமில்லை. நல்ல மூன்றாம் வகை ஆயில் டிராக்கில் 120 டிகிரி வரை நன்றாகவே தாங்கும். அதற்கு மேல் பிஏஓவும் எஸ்டரும் தங்கள் விலையை நியாயப்படுத்துகின்றன.

அடுத்தது சேர்மானங்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் கணத்தில் காப்பாற்றுவது துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய இசட்டிடிபி. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் பாழாக்கும் என்பதால் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற பெட்ரோல் கார் ஆயில்களில் அதன் அளவு 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2004-இல் வரம்பு வைத்தார்கள். 40, 50 கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. பழைய மாருதி எஸ்டீம் காரை டிராக்குக்குத் தயார் செய்கிறவர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

புதிய டர்போ கார் வைத்திருப்பவர் இன்னொரு பக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சின்ன டர்போ இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதுண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு இது. ஆயிலில் கால்சியம் சேர்மானம் அதிகமாக இருந்தால் இதன் வாய்ப்பு கூடும். அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ 2018-இல் கொண்டுவந்த எஸ்என் பிளஸ், 2020-இல் வந்த எஸ்பி தரங்கள் இதற்காகவே தனிச் சோதனை வைத்திருக்கின்றன. விசேஷம் என்னவென்றால் இந்த ஆபத்து டிராக்கில் குறைவு, அங்கே ஆர்பிஎம் எப்போதும் உயரத்தில் இருக்கும். வீடு திரும்பும் வழியில், பூந்தமல்லி நெரிசலில் மூன்றாவது கியரிலேயே 1500 ஆர்பிஎம்மில் இழுத்து ஓட்டும்போது அதிகம். டீசல் லாரிக்கான 15டபிள்யூ-40 மலிவாகவும் இசட்டிடிபி நிறைந்ததாகவும் கிடைக்கிறது என்று இப்படிப்பட்ட காரில் ஊற்றுவதை நான் ஏற்க மாட்டேன். அதில் கால்சியம் பொதுவாக அதிகம்.

பந்தயத்துக்கு மட்டுமென்று வரும் ஆயில்களில் இன்னொரு விஷயம் உண்டு. சிலவற்றில் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மானமும் அழுக்கைச் சுமக்கும் சேர்மானமும் குறைவாக இருக்கும். ஒரு வார இறுதி ஓடியதும் வடித்துவிடுவார்கள் என்ற கணக்கில் தயாரித்தவை அவை. அதை ஊற்றிக்கொண்டு ஆறு மாதம் ஆபீஸ் போய்வந்தால் சகதி படியும். நம் வகைக் கார்களுக்கு வாகன நிறுவனத்தின் ஒப்புதலோடு வரும் சாலை ஆயிலில் எச்டிஎச்எஸ் உயர்ந்ததைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம்.

எந்தக் கிரேடும் காப்பாற்றாத இடம்

டிராக்கில் பேரிங் போவதற்கு ஆயில் இளகுவது மட்டும் காரணம் இல்லை, ஆயில் வந்து சேராததும் காரணம். சாதாரண கார்களில் ஆயில் இன்ஜினின் அடியில் சம்ப்பில் கிடக்கும். நீண்ட வேகமான வளைவில் அது முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடும். பம்ப் உறிஞ்சும் குழாய் வாயில் காற்று மட்டும் மிஞ்சும். 6000 ஆர்பிஎம்மில் ஒன்றிரண்டு நொடி காற்றை உறிஞ்சினால் ராடு பேரிங்கில் கீறல் விழுந்துவிடும். இருங்காட்டுக்கோட்டையின் சி1 போல வேகம் குறையாமல் நுழையும் வளைவுகளில் கவனிக்க வேண்டியது இதை. ஒட்டுப்பிடி அதிகமுள்ள செமி ஸ்லிக் டயர் போட்டதும் பிரச்சினை பெரிதாகும், ஏனென்றால் இன்னும் வேகமாக வளைய முடிகிறது. தடுப்புத் தகடு வைத்த சம்ப் இதற்கு முதல் மருந்து. போர்ஷே ஜிடி3 போன்ற கார்கள் தனித் தொட்டியில் ஆயிலைச் சேமிக்கும் டிரை சம்ப் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

செலவே இல்லாத மருந்து டிப்ஸ்டிக். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். உயர் ஆர்பிஎம்மில் இன்ஜின் ஆயில் குடிக்கும். ஒரே நாளில் மேல்கோட்டில் இருந்து நடுவுக்கு இறங்குவது பல கார்களில் நடக்கும். அளவு மேல்கோட்டிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கிராங்க் அதில் அடித்து ஆயில் நுரைத்துவிட்டால் பம்ப் நுரையைத்தான் அனுப்பும். சில கார்களின் மேனுவலில் டிராக்குக்கென்று கூடுதல் அளவு சொல்லியிருப்பார்கள், அது விதிவிலக்கு.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலி ஆயில் இந்த நகரத்தில் புழங்குகிறது. காலி டப்பாவுக்கே விலை கிடைக்கும் ஊர் இது. அதனால் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், மூடியின் சீலையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள், கியூஆர் கோடு இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள். காலியான உங்கள் டப்பாவைக் குத்திக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

எப்போது மாற்றுவது, எதைப் பார்ப்பது

கிலோமீட்டர் கணக்கு இங்கே உதவாது. டிராக்கில் ஒரு நாளில் ஓடும் தூரம் குறைவுதான், ஆனால் ஆயிலுக்கு அது பல ஆயிரம் கிலோமீட்டர். இரண்டு மூன்று டிராக் நாட்களுக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது நியாயமான கணக்கு. 130 டிகிரியைப் பார்த்த ஆயிலை அடுத்த டிராக் நாளுக்கு வைக்காதீர்கள். நிறம் கருத்துவிட்டதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அழுக்கைச் சுமக்கும் நல்ல ஆயில் சீக்கிரமே கருக்கும்.

ஆயில் இளகுவதற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். வீட்டில் இருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் இது அதிகம். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் 78 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் என்பதால் ஆயில் நன்றாகச் சூடானால் வெளியேறும். ஆயில் சூடாகாத குட்டிப் பயணங்களில் தங்கிவிடும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கிறதா? அந்த ஆயிலோடு டிராக்குக்குப் போகாதீர்கள். 40 கிரேடு என்று ஊற்றியது 30-ஆக மாறியிருக்கலாம்.

பழைய ஃபில்டரை அப்படியே குப்பையில் போடுகிறவர்கள் தங்கள் இன்ஜின் எழுதிய கடிதத்தைப் படிக்காமல் எறிகிறார்கள். ஃபில்டர் கட்டர் வைத்து ஓட்டைச் சுற்றி அறுத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெட்டியெடுத்து, ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பாருங்கள். கருப்பாக, வழவழப்பாக மட்டும் இருந்தால் நல்லது. மினுமினுப்பு தெரிந்தால் காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். துகள் கூடவே நகர்ந்தால் இரும்பு: கேம், சிலிண்டர் சுவர் அல்லது ஆயில் பம்ப். நகராமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் பெரும்பாலும் பேரிங். புது இன்ஜினில் முதல் ஃபில்டரில் கொஞ்சம் மினுங்குவது இயல்பு. ஓடிப் பழகிய இன்ஜினில் செம்பு தெரிந்தால் சம்ப்பைக் கழற்றி ராடு பேரிங்கைப் பார்க்காமல் மறுபடி டிராக்குக்குப் போகக்கூடாது. அந்தக் கட்டத்தில் பேரிங் செட் மாற்றினால் போதும். விட்டுவிட்டால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

ஐப்பசியில் மழை பிடித்த பிறகு பல கார்கள் வாரக்கணக்கில் கவர் போட்டு நிற்கும். டிராக்கில் ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், நம் ஊர்க் காற்றின் ஈரமும் அதோடு சேரும். மழை முடிந்து எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அத்தனை நாளும் பேரிங் அந்த அமிலத்தில் ஊறும். நிறுத்துவதற்கு முன்னால் ஆயிலை மாற்றி, கொஞ்ச தூரம் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, அப்புறம் கவரைப் போடுங்கள். மழை விட்டு எடுக்கும்போது அந்த ஆயிலோடே முதல் டிராக் நாளுக்குப் போகலாம்.